விடிவதற்கு முன் நடந்த வகுப்பு

“வீட்டிலேயே படிக்கட்டும்.”

எங்கள் குடும்பத்தில் இதை இரண்டு பேர் சொல்லியிருக்கிறோம். முதலில் சொன்னவர் என் தாத்தா. 1968, லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா அப்போது எட்டாம் வகுப்பு. பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆத்தா மெதுவாக ஏதோ கேட்டிருக்கிறார். அதற்குத் தாத்தா சொன்ன பதில் அது. அதன்பிறகு அம்மா வீட்டில் படித்தது எதிர்வீட்டிலிருந்து வந்த அம்புலிமாமாவும், மளிகை கட்டிவந்த காகிதமும், மாமாவின் பழைய பாடப்புத்தகத்தில் பாதியும்தான். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டில் வேலை இருந்தது.

இரண்டாவதாகச் சொன்னவள் நான். என் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஆறு மாதத்தில் மூன்று முறை சிறுநீர்த் தொற்று வந்தது. பாட வேளையில் கழிப்பறைக்குப் போக அனுமதி கிடையாது, இடைவேளையில் வரிசை நீளம், தாழ்ப்பாள் வேறு இல்லை. குழந்தை தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தாள். பள்ளியில் பேசிப் பார்த்தோம். “எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விதிதான்” என்றார்கள். மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். “இனி வீட்டிலேயே படிக்கட்டும்” என்று நான் சொன்னபோது, கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “எங்கப்பா சொன்னதையே நீயும் சொல்றியே” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இதுவும் அதுவும் ஒன்றா? நான் ஜான் ஹோல்ட் படித்திருக்கிறேன், இவான் இல்லிச் படித்திருக்கிறேன். பள்ளிக்கூடம் குழந்தையின் ஆர்வத்தைக் கொல்கிறது என்பதற்கு என்னிடம் வாதம் இருந்தது. அதைவிட வலுவாக என் மகளின் மருந்துச் சீட்டுகள் இருந்தன. ஆனால் அம்மா சொன்னது மனதில் தங்கிவிட்டது. பெண்களுக்கு வீடு பள்ளிக்கூடமாக இருந்த காலத்தில் என்னதான் நடந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் கிடைத்தவர் பண்டிதை ரமாபாய். அவருடைய தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே சித்பாவன பிராமணர், சமஸ்கிருத அறிஞர். புனாவில் அவருடைய குரு, பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் மனைவிக்கு சமஸ்கிருதம் கற்பித்துவந்தார். ஒரு பெண் சுலோகம் சொல்வதைக் கேட்ட இளைஞர் வியந்துபோனார். தன் மனைவிக்கும் கற்பிக்க வேண்டும் என்று நினைத்தார். முதல் மனைவியிடம் அது நடக்கவில்லை, குடும்பமும் விடவில்லை. அந்த மனைவி இறந்தபின், தீர்த்த யாத்திரையில் கோதாவரிக் கரையில் சந்தித்த ஒருவர் தன் சிறுமகளை அவருக்கு மணமுடித்துக் கொடுத்தார். லட்சுமிபாய்க்கு அப்போது ஒன்பது வயது. சாஸ்திரிக்கு நாற்பதுக்கு மேல். (இந்த வரியை எழுதாமல் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. பெண்கல்விக்காக நின்ற மனிதர் ஒரு குழந்தையை மணந்தவர்.)

அந்தக் குழந்தைக்கு அவர் சமஸ்கிருதம் கற்றுக்கொடுத்தார். ஊர் எதிர்த்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்ற காட்டுப் பகுதிக்குப் போய்க் குடியேறினார்கள். பெண்ணுக்கு எப்படி சமஸ்கிருதம் கற்பிக்கலாம் என்று விளக்கம் கேட்டு அவரை உடுப்பிக்கு அழைத்தார்கள். மாத்வர்களின் தலைமைப் பீடம், கூடியிருந்த பண்டிதர் சபை. இதிகாசங்களிலிருந்தும் புராணங்களிலிருந்தும் மேற்கோள்களை அடுக்கி, பெண்களும் சூத்திரர்களும் இந்த மொழியைக் கற்கலாம் என்று வாதாடிவிட்டு வந்தார். வேதத்தைப் பெண்ணுக்குக் கற்பிக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. அந்தக் கோட்டை அவரும் தாண்டவில்லை. ஆனாலும், என் பிள்ளைக்கு என்ன கற்பிப்பது என்பதை என் வீட்டில் நான் முடிவு செய்வேன் என்று சபையின்முன் ஒரு பெற்றோர் எடுத்துவைத்த வாதமாகவே அதைப் படித்தேன். அன்றைக்கு எனக்கு அது மிகவும் தேவைப்பட்டது.

ரமாபாய் 1858இல் பிறந்தார். விருந்தினருக்கும் யாத்ரீகர்களுக்கும் சோறு போட்டே கடன் ஏறிவிட, அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் காட்டை விட்டுக் கிளம்பியது. பிரம்புக் கூடையில் வைத்து ஓர் ஆள் தலையில் சுமந்துபோன குழந்தை அவர். பிறகு வருடக்கணக்காகத் தீர்த்த யாத்திரை. கோயில்களிலும் படித்துறைகளிலும் புராணம் வாசித்து, கேட்பவர்கள் கொடுப்பதில் வாழ்ந்தார்கள்.

கடைசிக் குழந்தையான ரமாபாய்க்குக் கற்பிக்க வேண்டிய காலத்தில் தந்தைக்கு வயதாகிவிட்டது. கற்றுக்கொடுத்தவர் அம்மா. பகல் முழுக்க வேலை, அதனால் விடிவதற்கு முன்பே வகுப்பு. தூக்கம் கலையாத மகளை எழுப்பி, மடியில் சாய்த்துக்கொண்டு, பறவைகள் எழும் முன் சுலோகம் சொல்லிக்கொடுப்பாராம். இப்படிக் கற்ற சிறுமி பன்னிரண்டு வயதுக்குள் பாகவதத்தின் பதினெட்டாயிரம் சுலோகங்களை மனப்பாடம் செய்திருந்தார். பதினைந்து வயதுவரை அம்மாதான் ஆசிரியை.

நான் இதைப் படித்ததும் விடிகாலையில்தான். மகள் எழுமுன், குக்கர் வைக்குமுன் எனக்குக் கிடைத்த ஒரு மணி நேரம் அது. மகளை வீட்டில் வைத்துப் படிக்கவைக்க முடிவு செய்தபோது நானும் கணவரும் சேர்ந்துதான் பேசினோம். வேலையை விட்டது நான். கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் வேலை, பெரிய சம்பளமில்லை. “உனக்குத்தான் சொல்லித்தர வரும்” என்றார். பாராட்டுத்தான். ஆனால் அதற்குப்பின் கணக்கு, அறிவியல், மூன்று வேளைச் சாப்பாடு, “இன்னைக்கு என்ன நடத்தின?” என்ற மாலைநேர விசாரிப்பு எல்லாம் என் பங்குக்கு வந்தன. வீட்டுக்கல்வியை மேற்கொண்ட பெற்றோர் சந்திக்கும் கூட்டம் ஒன்றுக்கு மாதாமாதம் போவோம். மேடையில் தத்துவம் பேசியவர்கள் பெரும்பாலும் அப்பாக்கள். பின்வரிசையில் பிள்ளைகளுக்குப் பென்சில் சீவிக்கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் அம்மாக்கள். உடுப்பி சபையில் லட்சுமிபாய் பேசியதாக எந்தக் குறிப்பையும் நான் பார்க்கவில்லை.

ரமாபாயின் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை ரமாபாயே பின்னாளில் எழுதியிருக்கிறார். வெளியுலகத்தோடு பழகினால் பிள்ளைகள் ஆசாரம் கெட்டுவிடுவார்கள் என்ற அச்சம். சமஸ்கிருதம் தவிர வேறு மொழியும் இல்லை, உலகியல் படிப்பும் இல்லை. பிறகு 1870களில் சென்னை மாகாணத்தில் பஞ்சம் வந்தது. கூலி வேலை செய்யத் தெரியாது, பிச்சை எடுக்க மானம் விடாது. பாத்திரம் பண்டம் எல்லாம் விற்றுத் தீர்ந்தபின் திருப்பதிக் காட்டுக்குள் போய்ப் பதினொரு நாள் இலையையும் தண்ணீரையும் கொண்டு உயிர் பிடித்திருந்தார்கள். 1874இல் தந்தை இறந்தார். சில வாரங்களில் அம்மா. பின்னர் அக்காவும் போனார். சாஸ்திரம் தவிர வேறெதுவும் அறியாமல் வளர்ந்ததால் பிழைக்க வழியற்றுப்போனோம் என்று ரமாபாய் எழுதும் இடத்தில் குற்றச்சாட்டின் தொனி இல்லை. பெற்றோர் மீது அவருக்கு இருந்த அன்பு கடைசிவரை மாறவில்லை. ஆனாலும் அது ஒரு கணக்குத் தீர்ப்புத்தான். அந்த விடிகாலை வகுப்பு அவருக்கு எவ்வளவோ கொடுத்தது. 1878இல் கல்கத்தாவில் அறிஞர்கள் ‘பண்டிதை’, ‘சரஸ்வதி’ என்ற பட்டங்களைக் கொடுத்ததும் அதனால்தான். அம்மாவின் உயிரைக் காப்பாற்றும் வழியைத்தான் அந்தப் படிப்பு கொடுக்கவில்லை.

1886 சென்னை மாகாணத்துப் பெண் வரலாற்றில் ஒரு விசேஷ ஆண்டு. ஜூலையில் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி பிறந்தார். ஆகஸ்டில் மயிலாப்பூரில் சுப்புலட்சுமி பிறந்தார். இருவருமே வீட்டில் கற்றவர்கள், இருவருக்குமே கற்பித்தவர் அப்பா.

சுப்புலட்சுமிக்குப் பதினோரு வயதில் திருமணம். சிறிது காலத்திலேயே கணவன் இறந்துவிட்டான். மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கும் வழக்கத்துக்குத் தந்தை சுப்பிரமணிய ஐயரும் தாய் விசாலாட்சியும் உடன்படவில்லை. மகளுக்கு வீட்டில் பாடம் நடந்தது. ஐயர் ஆங்கிலம் கற்பித்தார். பிறகு கான்வென்ட், பிறகு மாநிலக் கல்லூரி. 1911இல் பட்டம். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை என்று அவரைச் சொல்வார்கள். உறவும் அக்கம்பக்கமும் பேசிய பேச்சுக்குக் குறைவில்லை. அந்த வீட்டில் இன்னொரு விதவையும் இருந்தார், வாலாம்பாள் சித்தி. பின்னாளில் சுப்புலட்சுமியின் விடுதியில் அத்தனை பெண்களுக்கும் தாயாக நின்று நிர்வாகத்தைத் தாங்கியவர். சகோதரி சுப்புலட்சுமி என்றால் தெரிகிற நமக்கு வாலாம்பாள் என்றால் தெரிவதில்லை.

முத்துலட்சுமியின் கதையில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் பிறந்தவர். அக்காலத்தில் தமிழ்நாட்டில் வாசிக்கத் தெரிந்த பெண் என்றாலே தாசிகுலப் பெண் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. பாட்டும் பதமும் இலக்கியமும் அந்த வீடுகளில் தாயிடமிருந்து மகளுக்கு, பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கற்பிக்கப்பட்டன. தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் தேர்ந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த மரபில் வந்தவர்தான். ‘குடும்பப் பெண்’ எழுத்தறியாமல் இருப்பதே கௌரவம் என்று நினைத்தவர்கள், படிப்பையும் ஒழுக்கக்கேட்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். பெண்களின் வீட்டுக்கல்விக்குத் தமிழ் மண்ணில் நெடிய மரபு ஏதேனும் உண்டென்றால் அது முதலில் இவர்களுடைய வீடுகளில்தான் இருந்தது. இன்றைய வீட்டுக்கல்விப் பேச்சில் குருகுலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். இந்த வீடுகளைப் பற்றி ஒருமுறையும் கேட்டதில்லை.

பெரியவளானதும் முத்துலட்சுமியின் பள்ளியும் நின்றது. என் அம்மாவுக்கு நின்றதைப் போலவே. வேறுபாடு, அவர் வீட்டில் உண்மையிலேயே பாடம் நடந்தது. அப்பாவும் ஆசிரியர்களும் கற்பிக்க, 1902இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி. ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு இரண்டு பக்கமும் வந்தது: பெண் என்பதற்காக, தாயின் குலத்துக்காக. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்ததால் கதவு திறந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912இல் மருத்துவர்.

வங்காளத்தில் ரொக்கேயாவுக்கு இந்த அளவும் வாய்க்கவில்லை. 1880இல் இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பகுதியில் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். பெண்பிள்ளைகளுக்கு அரபியும் உருதுவும் போதும் என்பது அப்பாவின் முடிவு. அண்ணன்தான், வீடு உறங்கியபின், விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தங்கைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அக்கா கரீமுன்னிசா வங்காளம் கற்கத் துணையாக இருந்தார். ஒரே வீட்டுக்குள், ஒரு குடும்பத்தின் சொந்தப் பிள்ளைக்கு, திருட்டுத்தனமாகப் பாடம்!

நல்ல அப்பா, பொறுமையுள்ள அம்மா, துணிந்த அண்ணன் என்று இந்தக் கதைகளை வரிசையாகப் படித்தபோது எனக்குள் பெருமிதம்தான் முதலில் வந்தது. பார், வீட்டில் படித்தவர்கள் எப்படி வந்திருக்கிறார்கள் என்று அம்மாவிடம் காட்ட வேண்டும் போலிருந்தது. அப்புறம்தான் ஒன்று கவனத்துக்கு வந்தது. இவர்களில் யாரும், வீட்டில் கற்பிப்பதே போதும் என்று மற்றப் பெண்களுக்குச் சொல்லிவிட்டு நிற்கவில்லை. எல்லோரும் பள்ளிக்கூடம் கட்டினார்கள். அதுவும் பெரும்பாலும், வீட்டைவிட்டு வந்து தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம்.

ரமாபாய் 1882இல் ஹண்டர் கமிஷன் முன் சாட்சியம் சொன்னபோது கேட்டது பெண் ஆசிரியர்களையும் பெண் மருத்துவர்களையும். அமெரிக்கா சென்று மழலையர் கல்வி முறையைக் கற்று வந்தார். 1889 மார்ச்சில் பம்பாயில் ‘சாரதா சதன்’ தொடங்கினார். முதலில் வந்தவர்களில் கோதுபாய் என்ற இளம் விதவை ஒருவர். சுப்புலட்சுமி, பட்டம் பெற்ற அடுத்த ஆண்டே எழும்பூரில் தந்தையின் வீட்டில் நான்கு இளம் விதவைகளுடன் விடுதி ஆரம்பித்தார். அது வளர்ந்து திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்குப் போனது. தேவதாசி முறையை எதிர்த்துச் சட்டமன்றத்தில் போராடிய முத்துலட்சுமி, போக்கிடம் இல்லாத பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். ரொக்கேயா 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு பள்ளி திறந்தார். மாணவிகளை அழைத்துவர வண்டி ஏற்பாடு செய்தபோது கோஷா கெடக்கூடாது என்று அதை முழுக்க மூடியடித்தார்கள். காற்றில்லாமல் சிறுமிகள் மயங்கி விழுந்தார்கள். திரையை விலக்கினால் ஊர் திட்டியது, மூடினால் பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள். இதை ரொக்கேயா கேலியும் கசப்புமாக எழுதியிருக்கிறார். அவ்வளவு பாடுபட்டாவது அந்தப் பிள்ளைகளை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

ஏன்? வீட்டுக்கல்வியின் சுவையை அவர்கள் நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். கூடவே அது எதன்மீது நிற்கிறது என்றும் அறிந்தவர்கள். ஓர் அப்பாவின் மனம் மாறினால், ஓர் அண்ணன் வேறு ஊருக்குப் போனால், ஓர் அம்மா நோயில் விழுந்தால் அந்தப் பள்ளி மூடிவிடும். மயிலாப்பூரில் சுப்புலட்சுமியைப் போலப் பதினோரு வயதில் தாலியறுத்த எத்தனையோ சிறுமிகளுக்கு அப்பா சுப்பிரமணிய ஐயராக இருக்கவில்லை.

அப்பா நல்லவராக இருந்தும் முடியாத வீடுகளும் இருந்தன. 1848இல் புனாவில் சாவித்ரிபாயும் ஜோதிராவ் பூலேயும் பெண்களுக்குப் பள்ளி திறந்தார்கள். சாவித்ரிபாய்க்கும் முதல் எழுத்து வீட்டில்தான், கணவரிடம். அவர்களுடைய பள்ளியில் படித்த முக்தா சால்வே, மாங் சாதிச் சிறுமி. 1855இல், பதினான்கு வயதில், மாங் மகார் மக்களின் துயரத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ‘ஞானோதய’ இதழில் அச்சானது. மதநூலைப் பார்க்கவும் உரிமை இல்லையென்றால் நாங்கள் மதமற்றவர்களா என்று கேட்ட கட்டுரை. அனந்த சாஸ்திரி தன் மனைவிக்கு வீட்டில் வைத்து ஓதுவித்த சுவடிகள் முக்தாவின் வீட்டுக்குள் வருவதற்கே தடை. புத்தகமே வரமுடியாத வீட்டில் யார், எதைக் கற்பிப்பது? அதேபோல ஐஸ் ஹவுஸ் விடுதியும் பிராமண விதவைகளுக்கானதாகவே நடந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டின் சாதி விடுதிக்குள்ளும் கூடவே வந்துவிட்டது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறிலிருந்து பதினான்கு வயதுவரை பள்ளிக்கல்வியை உரிமையாக்கியது. வீட்டில் கற்பிப்பதை அது வெளிப்படையாகத் தடுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் தேர்வெழுதலாம் என்பதால் எங்களைப் போன்றவர்கள் சமாளித்தோம். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தும் சுதந்திரம் வேண்டும் என்று நான் அப்போது வாதாடினேன். இன்றும் அந்த வாதத்தை முழுக்கக் கைவிடவில்லை. தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் பிள்ளையை அனுப்பு என்று எந்த அம்மாவிடமும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் அதே சுதந்திரம் என் தாத்தாவிடம் இருந்தது. அவர் அதைத்தான் பயன்படுத்தினார். அவரைக் கேட்க அன்று ஒரு சட்டமும் இல்லை. இன்றும் எங்கள் ஊர்ப்பக்கம் “பிள்ளை வீட்டில இருந்து பிரைவேட்டா எழுதுறா” என்று சொல்லப்படும் பெண்களில் எத்தனை பேர் புத்தகத்தைத் திறக்கிறார்கள், எத்தனை பேர் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. சட்டத்தின் பார்வைக்கு என் வீடும் அந்த வீடும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ரமாபாய் தன் மகள் மனோரமாவுக்கு என்ன செய்தார் என்பதைக் கடைசியாகப் படித்தேன். மனோரமாவுக்கு ஒரு வயது ஆகும்போதே தந்தை காலராவில் இறந்துவிட்டார். கணவனில்லாத தாய், மகளோடு இங்கிலாந்து போனார். 1886இல் அமெரிக்கா போனபோதும் கூட்டிப்போனார். பிறகு குழந்தையை மட்டும் இங்கிலாந்தில் வாண்டேஜ் கன்னிமாடத்துச் சகோதரிகளிடம் திருப்பியனுப்பிவிட்டு, தான் அங்கே தங்கிப் படித்தார், ஊர் ஊராகப் பேசினார், நிதி திரட்டினார். குழந்தைக்கு ஐந்து வயது. பதினைந்து வயதுவரை அம்மாவின் மடியில் படித்தவர், தன் மகளை ஐந்து வயதில் கடல்கடந்து அடுத்தவரிடம் படிக்க விட்டார். மனம் கல் என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். மனோரமா பின்னாளில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அம்மாவின் பள்ளியையே நடத்தினார். இந்த முடிவை ரமாபாய் எப்படி எடுத்தார் என்று நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். மடியில் படித்த சுகமும், அந்த மடி பசியில் சாய்ந்ததும், இரண்டையுமே நேரில் பார்த்தவர் அவர்.

இரண்டு வருடம் கழித்து ஒருநாள் என் மகளே கேட்டாள், “அம்மா, நான் ஸ்கூலுக்குப் போகவா?” பாடம் பிடிக்காமல் இல்லை. ‘உன்னைத் தவிர வேற யாராவது என்னைத் திட்டணும்போல இருக்கு’ என்று சிரித்தாள். அரசு உதவிபெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் சேர்த்தோம். சேர்க்கைக்கு முன் கழிப்பறையைப் பார்க்க வேண்டும் என்றேன். தலைமையாசிரியை ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து காட்டினார். ஆறில் நான்குக்குத் தாழ்ப்பாள் இருந்தது. அந்த மாதமே பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் சேர்ந்து மற்ற இரண்டையும் போடவைத்தோம். நான் மறுபடி வேலை தேடத் தொடங்கினேன்.

முதல் நாள் மாலை அவள் வீடு திரும்பும்போது அம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார். பையை இறக்கக்கூட விடவில்லை.

“எட்டாங் கிளாஸ் புக்கெல்லாம் குடுத்துட்டாங்களா? எடு பாப்போம்” என்றார்.